எதிராளிக்குச் சொல்லிக்கொடுக்காத விதிகள்: ஒரு விரிவாக்கத்தை வடிவமைத்தவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் வியூக விளையாட்டு வெளிவந்த முதல் வாரத்திலேயே அதை வாங்கி, அன்றிலிருந்து இன்றுவரை விடாமல் ஆடிவருபவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். அதன் மேல் சேர்த்து ஆடும் கூடுதல் பகுதியான புதிய விரிவாக்கம் என் கணினிக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. முதல் ஆட்டம் முடிந்த இரவே எழுத உட்கார்ந்தேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது அதில் எரிச்சல் இருந்ததே தவிர காரணம் எதுவும் இல்லை. எனவே அதை அழித்துவிட்டு, பன்னிரண்டு ஆட்டங்களைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஆடினேன். அவற்றுள் நான்கு ஆட்டங்களில் புதிதாக வந்த எதையும் நான் தொடவில்லை. கணினி எதிராளிகள் அவற்றை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதைச் சுற்றுக்குச் சுற்று குறித்துக்கொண்டே வந்தேன். அந்தக் குறிப்பேட்டை அருகில் வைத்துக்கொண்டுதான் இப்போது எழுதுகிறேன். என் குறையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: புதிய விதிகளை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நீங்கள், எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டீர்கள்.

குறையைச் சொல்வதற்கு முன், இழந்தது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் என்னை இத்தனை ஆண்டுகள் பிடித்துவைத்தது அதன் வரைபடத்தின் அழகோ, நாகரிகங்களின் எண்ணிக்கையோ அல்ல, தானியம். படைக்கும் வயிறு உண்டு என்பதை இவ்வளவு கறாராக நினைவூட்டிய வேறொரு விளையாட்டை நான் ஆடியதில்லை. அருகிலுள்ள நகரத்தின் களஞ்சியத்திலிருந்துதான் ஒவ்வொரு படையும் உண்ணும். களஞ்சியத்திலிருந்து விலக விலக, வழியில் சிதறும் தானியத்தின் அளவு கூடும். குளிர்காலச் சுற்றுகளில் கணவாய்கள் அடைபட்டால், மறுபக்கம் நிற்கும் படை தன் தோளில் சுமந்ததை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க வேண்டும். இந்த ஒரே விதியிலிருந்துதான் மற்ற எல்லாம் முளைத்தன. எங்கே நகரம் அமைப்பது, எந்தக் கோட்டையை விட்டுக்கொடுப்பது, அறுவடைக்கு முன் போர் தொடுப்பதா பின்னரா, பகைவனின் தலைநகரத்தைப் பிடிப்பதா அவன் வயல்களை எரிப்பதா என்று ஒவ்வொரு கேள்வியும் இறுதியில் களஞ்சியத்தின் வாசலில்தான் வந்து நின்றது.

அந்த விதியை எதிராளியும் அறிந்திருந்தான் என்பதே அதன் பெருமை. பல ஆண்டுகளுக்கு முன் ஆடிய ஓர் ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. என் எல்லை நகரம் ஒன்று முற்றுகையில் இருந்தது. மதில் பாதி இடிந்துவிட்டது, உள்ளே இரண்டே படைப்பிரிவுகள், விழுவது உறுதி என்று நானே முடிவுகட்டி, அடுத்த நகரத்தைக் காக்கும் ஏற்பாடுகளில் இறங்கிவிட்டேன். ஆனால் குளிர்காலத்துக்கு இரண்டு சுற்றுகள் இருக்கும்போது எதிராளி முற்றுகையைக் கைவிட்டுக் கணவாய் வழியே திரும்பிப் போனான். கோழை என்று சிரித்தேன். மறுநாள் ஆட்டத்தைச் சேமித்துவைத்த அந்த சேவ் கோப்பைத் திறந்து அவன் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: நகரம் விழ இன்னும் மூன்று சுற்றுகள் தேவைப்பட்டிருக்கும், அவன் படையிடம் இருந்ததோ இரண்டு சுற்றுக்கான தானியம். வென்றிருந்தாலும் பனிக்கு அப்பால் பட்டினியில் கரைந்திருப்பான். அவன் எண்ணியிருக்கிறான், நான் எண்ணவில்லை. ஒரு நிரலின் முன் நான் வெட்கப்பட்ட முதல் தருணம் அது. அதன் பிறகே இந்த விளையாட்டை நான் மதிக்கத் தொடங்கினேன்.

இனி விரிவாக்கத்துக்கு வருகிறேன். இசையும் ஓவியங்களும் முன்பைவிட மேம்பட்டிருக்கின்றன. கடல் கட்டங்களில் ஒளி மாறும் அழகுக்காகவே சில சுற்றுகளை அவசரமின்றிக் கடந்தேன். ஆறு புதிய நாகரிகங்களில் இரண்டு உண்மையிலேயே புதுமையானவை, மீதி நான்கும் பழையவற்றின் எண்களை மாற்றி எழுதியவை. நெருக்கடிச் சீட்டுகள் என்று நீங்கள் சேர்த்திருப்பவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: முதல் ஆட்டத்தில் வியப்பைத் தந்தன, மூன்றாவது ஆட்டத்தில் படிக்காமலேயே பொத்தானை அழுத்தத் தொடங்கிவிட்டேன். இவை எல்லாம் எந்த விரிவாக்கத்திலும் வரும் ஏற்ற இறக்கங்கள். இவற்றுக்காக யாரும் மடல் எழுதமாட்டார்கள்.

எழுதத் தூண்டியது செல்வாக்குப் புள்ளிகள். தூதர்களை அனுப்பியும், கடல் வாணிபத் தடங்களைத் திறந்தும், சிறு நகர அரசுகளுக்குப் பாதுகாப்பு அளித்தும் சேர்க்கக்கூடிய ஒரு புதிய நாணயமாக அதை அறிமுகப்படுத்தினீர்கள். திட்டமாகப் பார்த்தால் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாணயத்தைக் கொண்டு தானியம் வாங்கலாம் என்று ஒரு கதவைத் திறந்தீர்கள் அல்லவா, அதன் வழியேதான் விளையாட்டின் உயிர் வெளியேறியது. ஏறத்தாழ அறுபதாவது சுற்றுக்குள் நான்கு வாணிபத் தடங்களைத் திறந்துவிட்டால், பனிக்காலத்தில் அடைபட்ட கணவாய்க்கு அப்பால் நிற்கும் படைக்கும் ஒரே சொடுக்கில் உணவு போய்ச் சேருகிறது. தானியம் எப்படிப் பனியைத் தாண்டியது என்று கேட்க அங்கே யாருமில்லை. வயலுக்கும் வாளுக்கும் இடையே எங்களைத் தவிக்கவைத்த அந்தப் பழைய நெருக்கடி கரைந்துபோகிறது. கணவாய் வெறும் ஓவியமாகிறது. குளிர்காலம் திரையில் விழும் வெள்ளைப் பொட்டுகளாகச் சுருங்கிவிடுகிறது. பற்றாக்குறையை மையமாக வைத்துக் கட்டிய ஒரு விளையாட்டில், அந்தப் பற்றாக்குறையை விலைக்குத் தீர்த்துக்கொள்ளும் வழி ஒன்றைச் சேர்ப்பது, சுவரில் சன்னல் வைப்பதாக எண்ணிக்கொண்டு தூணை உருவுவதற்குச் சமம்.

இருந்தாலும் இதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். எதிராளியும் அதே சந்தையில் என்னோடு போட்டியிட்டு, என் வாணிபத் தடங்களைச் சூறையாடி, நான் நம்பியிருந்த தூதரை விலைபேசியிருந்தால், தானியப் போர் வேறோர் உருவில் தொடர்ந்திருக்கும். புதிய கடலில் பழைய கணவாய்கள் பிறந்திருக்கும். நடந்தது அதுவல்ல. பன்னிரண்டு ஆட்டங்களிலும் கணினி எதிராளிகள் செல்வாக்கைச் சேர்த்தார்கள், செலவழிக்கவே இல்லை. தூதர்களைப் பயிற்றுவித்தார்கள், பிறகு அவர்களைத் தலைநகரத்தின் பக்கத்துக் கட்டத்திலேயே ஆட்டம் முடியும்வரை நிறுத்திவைத்தார்கள். ஒரே ஒரு முறை ஒரு தூதர் கிளம்பிப் போவதைக் கண்டு எழுந்து உட்கார்ந்தேன். மூன்று கட்டம் நடந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். என் வாணிபக் கப்பல்கள் பகைவனின் போர்க்கப்பல்களுக்கு நடுவே, போர் அறிவித்த பிறகும், கோயில் திருவிழாவுக்குப் போவதுபோல் போய்வந்தன. கணினிக்கு அவை கண்ணில் படவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். காணாத ஒன்றை அது எப்படித் தாக்கும்?

என் குறைக்கு உங்கள் தரப்பிலிருந்து கிடைத்த பதில், உயர்ந்த கடினநிலையில் ஆடிப்பாருங்கள் என்பது. ஆடினேன். மிக உயர்ந்த கடினநிலையில் எதிராளிக்கு நீங்கள் கொடுத்திருப்பது அறிவு அல்ல, மூலதனம்: கூடுதல் நகரம், கூடுதல் படை, விரைவான வளர்ச்சி. இது உங்கள் விளையாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை என்பதை அறிவேன். சிவிலைசேஷன் என்ற வியூக விளையாட்டுத் தொடரில் 2016இல் வந்த ஆறாம் பாகத்தில், உச்சக் கடினநிலையில் மனித ஆட்டக்காரர் நகரம் அமைக்கும் ஒரு குடியேறியுடன் தொடங்கும்போது கணினி மூன்று குடியேறிகளுடன் தொடங்குகிறது. சிந்திக்கத் தெரியாதவனுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து அனுப்பும் இந்த ஏற்பாட்டை நாங்கள் எல்லோரும் ஓர் உடன்படிக்கையாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்த உடன்படிக்கைக்கு ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு: பணம் பெற்றவன் அதைச் செலவழிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். உங்கள் விரிவாக்கத்தில் உச்சக் கடினநிலை எதிராளி இரட்டிப்புச் செல்வாக்கைப் பெறுகிறான். ஆகவே இரட்டிப்புச் செல்வாக்கை வீணடிக்கிறான்.

இது ஏன் நேர்கிறது என்பதை வெளியிலிருந்தே ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஊகிக்க முடிவதால்தான் உங்கள் மீது கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருக்கிறது. ஒரு விதி முழுமையாக உறைந்த பிறகே அதை ஆடும் அறிவை எழுத முடியும். வடிவமைப்பாளர் கடைசி வாரம்வரை தூதரின் செலவையும் வாணிபத் தடத்தின் வரவையும் மாற்றிக்கொண்டிருந்தால், எதிராளியின் நிரலை எழுதுபவர் நகரும் மண்ணின் மீது வீடு கட்டுகிறார். வெளியீட்டு நாள் நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது அவருடைய நேரமாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு, எதிராளியின் அறிவை ஒரு முன்னோட்டக் காணொளியில் காட்ட முடியாது. புதிய கப்பலைக் காட்டலாம், புதிய தலைவரின் முகத்தைக் காட்டலாம், புயலைக் காட்டலாம். பின்வாங்கத் தெரிந்த ஒரு படையை எப்படிக் காட்டுவது? வாங்கும் முன் கண்ணில் படுவதற்குச் செலவும், வாங்கிய பின் உணரப்படுவதற்குச் சிக்கனமும் என்ற கணக்கு எங்கும் நடப்பதுதான். ஆனால் வியூக விளையாட்டில் அந்தக் கணக்கு தவறாகும். ஏனெனில் இங்கே வாங்கிய பின் உணரப்படுவதுதான் சரக்கு.

சேர்ப்பதெல்லாம் ஆழமாகிவிடாது என்பதற்குச் சதுரங்கத்தைவிடப் பழைய சாட்சி இல்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அந்த ஆட்டத்துக்கு நேர்ந்த மாற்றத்தை உலகின் மிக வெற்றிகரமான விரிவாக்கம் என்று நான் நினைப்பதுண்டு. அதுவரை மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகர்ந்துகொண்டிருந்த ஆலோசகர், எத்திசையிலும் எத்தனை கட்டமும் செல்லும் அரசியானார். இரண்டு கட்டம் மட்டுமே தாவிய மற்றொரு காய்க்கு மூலைவாட்டுப் பாதை முழுவதும் திறந்தது. பலகை பெரிதாகவில்லை, காய்களின் எண்ணிக்கை கூடவில்லை; இருந்தும் அதற்கு முன் ஆடிய தொடக்கங்கள் அனைத்தும் பழையதாகிவிட்டன. பின்னர் 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக இருந்த கபாபிளாங்கா, வல்லுநர்களின் ஆட்டங்கள் வரிசையாகச் சமனில் முடிந்துவிடுமோ என்று அஞ்சி, எண்பது கட்டங்கள் கொண்ட பெரிய பலகையையும், குதிரையின் தாவலோடு வேறொரு காயின் நகர்வையும் இணைத்த இரண்டு புதிய காய்களையும் முன்மொழிந்தார். அந்த மேதையின் பெயர் இருந்தும் அது வழக்கில் நிலைக்கவில்லை. 1996இல் முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் அறிவித்த சதுரங்க முறையோ ஒரு காயைக்கூடச் சேர்க்கவில்லை. பின்வரிசையைக் கலைத்துப் போட்டு 960 தொடக்க நிலைகளை உண்டாக்கியதோடு சரி. இன்றும் அது முன்னணி ஆட்டக்காரர்களால் ஆடப்படுகிறது. இவற்றில் எந்த மாற்றமாக இருந்தாலும் ஒன்றை மட்டும் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை: எதிரே இருப்பவருக்கு அரசியின் புதிய நகர்வு தெரியுமா என்று. தெரியாதவரோடு ஆடுவதை ஆட்டம் என்று எவரும் அழைத்திருக்கமாட்டார்கள்.

கணினி விளையாட்டுகளிலும் முன்மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. 1998 மார்ச்சில் வந்த ஸ்டார்கிராஃப்ட் என்ற போர் விளையாட்டுக்கு அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே ப்ரூட் வார் என்ற விரிவாக்கம் வந்தது. அதில் மோதும் மூன்று இனங்களுக்கும் சேர்த்து அது கொடுத்தவை ஏழே ஏழு யூனிட்டுகள், அதாவது படைவகைகள். மனித இனமான டெர்ரன் தரப்புக்குக் காயம் ஆற்றும் ஒரு மெடிக் வந்தார். எளிதில் மடிந்துகொண்டிருந்த காலாட்படை அவரால் நிலைத்து நின்று முன்னேறும் படையாயிற்று. அப்படி நெருங்கி நின்று முன்னேறுபவர்களை மண்ணுக்குள் புதைந்தபடியே நேர்கோட்டில் துளைக்கும் லர்க்கர், அவர்களின் பகை இனமான ஜெர்க் தரப்புக்கு வந்தது. ஒரு சேர்க்கை இன்னொரு சேர்க்கையை நோக்கிப் பேசியது, இரண்டும் சேர்ந்து பழைய யூனிட்டுகளின் பொருளை மாற்றின. 2000இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற வியூக விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு வந்த தி கான்கரர்ஸ் விரிவாக்கத்தில் ஐந்து நாகரிகங்கள் சேர்ந்தன. ஹூணர்களுக்கு வீடு கட்ட வேண்டியதில்லை என்ற ஒற்றை வரி அவர்களின் தொடக்கத்தையே வேறாக்கியது. ஆஸ்டெக்குகளுக்கும் மாயர்களுக்கும் குதிரையே இல்லை என்ற இல்லாமை, இருப்பதைவிட அதிகமான வியூகங்களைப் பெற்றெடுத்தது. அதே விரிவாக்கம் வயல்களை மீண்டும் மீண்டும் கையால் விதைக்கும் தொல்லையையும் நீக்கியது. இழுபறியை எங்கே வைப்பது, எரிச்சலை எங்கே எடுப்பது என்று அறிந்தவர்கள் செய்த வேலை அது.

உங்கள் வாணிபத் தடங்களுக்கு மிக நெருங்கிய உறவினர் ஒருவர் உண்டு: ஐந்தாவது சிவிலைசேஷனுக்கு 2013இல் வந்த பிரேவ் நியூ வேர்ல்ட் என்ற விரிவாக்கம். அவர்கள் வாணிபத்தைச் சேர்த்தபோது, ஆற்றங்கரைக் கட்டங்களும் கடற்கட்டங்களும் அதுவரை இலவசமாகத் தந்துகொண்டிருந்த பொன்னைப் பறித்துக்கொண்டார்கள். பொன் வேண்டுமானால் வணிகரை அனுப்ப வேண்டும், அனுப்பினால் அவர் வழியில் கொள்ளைபோகலாம், கொள்ளைபோகாமலிருக்க அண்டை நாட்டோடு அமைதி வேண்டும். சேர்த்த இடத்தில் ஒன்றைக் குறைத்தார்கள். அந்தக் குறைவினால் புதியது அவசியமானது. நீங்கள் சேர்த்தீர்கள், எதையும் எடுக்கவில்லை. நியாயமாகச் சொன்னால், அந்த விரிவாக்கம் வந்தபோதும் கணினி எதிராளிகள் போருக்குத் தயங்குகிறார்கள் என்று குறைகள் எழத்தான் செய்தன. ஒரு படைக்கு ஒரு கட்டம் என்ற அந்த விளையாட்டின் விதியைக் கணினி ஒருபோதும் சரிவரக் கையாண்டதில்லை என்பதும் ஊரறிந்த செய்தி. எனினும் அங்கே எதிராளி வணிகரை அனுப்பினான். அவன் தடத்தை நான் கொள்ளையடித்தால் அவனுக்கு வலித்தது.

மனிதரை வெல்லும் எதிராளியை நான் கேட்கவில்லை. 2016இல் ஆல்ஃபாகோ என்ற நிரல் கோ என்ற பலகை ஆட்டத்தில் அதன் மேதை லீ செடோலை 4-1 என்று வென்றதும், 2019இல் ஆல்ஃபாஸ்டார் என்ற நிரல் ஸ்டார்கிராஃப்ட் இரண்டாம் பாகத்தில் கிராண்ட்மாஸ்டர் என்ற உச்சத் தரத்தை எட்டியதும் பெரும் ஆய்வுக்கூடங்களின் வேலை. வீட்டுக் கணினியில் ஐந்து எதிராளிகளை ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டிய உங்களிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமாகாது. வெல்லவே முடியாத எதிராளியும் எனக்குத் தேவையில்லை. எனக்குத் தேவைப்படுபவன், நான் செய்வதைக் கவனித்துத் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்பவன். தோற்கும்போதும் காரணத்தோடு தோற்பவன். 2019இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தின் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பு வந்தபோது, இருபது ஆண்டுகளான ஒரு விளையாட்டுக்கு எதிராளியின் அறிவைப் புதிதாக எழுதினார்கள். கள்ளத்தனமாக வளங்களைக் கொடுக்காமலேயே அது பழைய எதிராளிகளைத் தோற்கடித்தது. செய்ய முடியாத வேலை அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயரில் இந்தக் குறை தெரியாது என்பார்கள். உண்மைதான், அங்கே எதிரே இருப்பவருக்கு விதி தெரியும். ஆனால் தானியத்தை வாங்கும் வழி அங்கேயும் திறந்தே இருப்பதால், முதல் அறுபது சுற்றுகளில் யார் விரைவாகக் கடலை அடைகிறார் என்ற ஓட்டப்பந்தயமாக ஆட்டம் குறுகிவிடுகிறது. என்னோடு வழக்கமாக ஆடும் நால்வரில் இருவர் விரிவாக்கத்தை வாங்கவில்லை. வாங்காதவரோடு ஆட வேண்டுமானால் வாங்கியவர் அதை அணைத்துவைக்க வேண்டும். ஆகவே நாங்கள் பழைய பதிப்புக்கே திரும்பிவிட்டோம்.

புதிதாக வருபவர்களுக்கு விரிவாக்கம் பிடித்திருக்கிறது, பழைய ஆட்டக்காரர்கள் எந்த மாற்றத்தையும் எதிர்ப்பவர்கள் என்று ஒரு கருத்து நிலவுகிறது. அதில் பாதி உண்மை இருக்கலாம். பழக்கம் ஒரு கண்ணாடி போன்றது, அதன் வழியே பார்த்தால் புதியதெல்லாம் கோணலாகத்தான் தெரியும். என்னையே சந்தேகித்துத்தான் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடினேன். ஆனால் புதியவர்கள் மகிழ்வது எதில் என்று பாருங்கள்: தூதர் திரையில், தலைவர்களின் பேச்சில், துறைமுகம் வளர்வதைக் காண்பதில். அவை மகிழ வேண்டியவையே. நாற்பது மணி நேரம் கழித்து அவர்களும் எதிராளியின் தலைநகரத்துக்கு வெளியே அசையாமல் நிற்கும் அந்தத் தூதர்களைக் கவனிப்பார்கள். அன்று அவர்கள் மடல் எழுதமாட்டார்கள், வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார்கள். மடல் எழுதுபவர்கள் இன்னும் போகாதவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி என் வேண்டுகோள்கள். செல்வாக்கைக் கொண்டு தானியம் வாங்கும் வசதியை, வரைபடத்தில் உண்மையான பாதை திறந்திருக்கும்போது மட்டும் செல்லும்படி கட்டுப்படுத்துங்கள். பனி அடைத்த கணவாயையும் முற்றுகையிட்ட துறைமுகத்தையும் தானியம் தாண்டக் கூடாது. ஓர் எண்ணை மாற்றுவதைவிடச் சற்றே பெரிய வேலைதான். ஆனால் பழைய விளையாட்டில் பாதையைக் கணக்கிடும் நிரல் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அதைத்தான் படைகள் இன்றும் பயன்படுத்துகின்றன. இதை அடுத்த பேட்ச் எனப்படும் திருத்தத்திலேயே எதிர்பார்ப்பது பேராசை ஆகாது என்று நினைக்கிறேன்.

எதிராளிக்குச் செல்வாக்கைச் செலவழிக்கவும், தூதரை அனுப்பவும், பகைவனின் வாணிபத் தடத்தைக் காணவும் கற்றுக்கொடுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாவிட்டால், காண்பதில் தொடங்குங்கள். என் கப்பலை அவன் தாக்கத் தொடங்கினாலே நான் கடற்படைக்குச் செலவிட வேண்டிவரும், அந்தச் செலவு என் வயல்களிலிருந்து வரும், வயல் குறைந்தால் குளிர்காலம் மறுபடியும் குளிரத் தொடங்கும். அதற்கு நேரமோ ஆட்களோ இல்லை என்றால், ஆட்ட மையத்தின் மூலநிரலை எங்களிடம் கொடுங்கள். நான்காவது சிவிலைசேஷனுக்கு 2006இல் அப்படிக் கொடுத்தார்கள், ஐந்தாவதற்கும் பின்னர் கொடுத்தார்கள். எதிராளியின் அறிவை அடியோடு திருத்தி ஆட்டக்காரர்களே எழுதிய மோட்கள் அதனால்தான் பிறந்தன, ஆதரவு நின்றுபோன பிறகும் அந்த விளையாட்டுகள் அவற்றால் ஆடப்பட்டுவருகின்றன. ஊதியமில்லாமல் இந்த வேலையைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். நிரல் எழுதத் தெரியாத நானும் குறைந்தபட்சம் ஆடிப் பார்த்துக் குறிப்பெடுப்பேன்.

விரிவாக்கத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே அணைக்கும் வசதியைச் சிலர் கேட்கிறார்கள். இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தனித்தனியே அணைக்கலாம் என்று தொடங்கினால், ஒன்றையொன்று தொடாத பகுதிகளாகவே இனி எல்லாவற்றையும் வடிவமைக்கத் தோன்றும்; அந்தத் தொடாமைதான் இப்போதைய நோயே. ஆனால் இப்போதைய நிலையில், மருந்து வரும்வரை, செல்வாக்கை மட்டுமாவது அணைக்கும் ஒரு பொத்தான் இருந்தால் இரண்டு புதிய நாகரிகங்களை நான் மகிழ்ச்சியோடு ஆடுவேன். அவ்விரண்டையும் வடிவமைத்தவர் யாராயினும் அவருக்கு என் பாராட்டைத் தெரிவியுங்கள். ஆறு பருவங்களுக்கு ஆறு வேறு களஞ்சியக் கணக்குகளை வைத்த அந்த மலைநாட்டு அரசு, இந்த விளையாட்டு எதனால் ஆனது என்பதை அறிந்தவர் வடித்தது.

இம்மடலோடு ஒரு சேவ் கோப்பை இணைத்திருக்கிறேன். 143ஆவது சுற்றில், உச்சக் கடினநிலையில் நிறுத்தியது. வடக்குக் கணவாய்க்கு இப்பால் எதிராளியின் படைகள் ஒன்பது, என் நகரத்தைச் சுற்றி நிற்கின்றன. பனி விழுந்து மூன்று சுற்றுகள் ஆகின்றன. முன்பெல்லாம் கணக்கிட்டுத் திரும்பிப்போயிருக்கக்கூடிய அவன், இப்போது திரும்பவில்லை. அவனிடம் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட செல்வாக்குப் புள்ளிகள் இருக்கின்றன. அந்த ஒன்பது படைகளுக்கும் குளிர்காலம் முடியும்வரை சோறுபோட அதில் பத்தில் ஒரு பங்கு போதும். கோப்பைத் திறந்து, அவன் பக்கத்திலிருந்து அடுத்த சுற்றை ஓடவிட்டு, எத்தனை படைகள் மிஞ்சுகின்றன என்று எண்ணிப்பாருங்கள்.

இப்படிக்கு,
முதல் பதிப்பிலிருந்து ஆடிவரும் ஓர் ஆட்டக்காரன்